அலைவரிசையில் ஒரு திண்ணை

2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தோடு நின்றுபோனது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் மழை கொட்டித் தீர்த்த இரவு அது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போக, ஏறத்தாழ 800 பயணிகள் நடுவழியில் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள், தங்களிடம் இருந்ததைச் சமைத்து அவர்களுக்குப் பசியாற்றினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலங்களை இறக்கியது. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வெள்ளத்தைக் கடந்து போய்ச் சேர்ந்தார்கள். பயணிகள் எல்லோரும் வெளியேற 19-ஆம் தேதி ஆகிவிட்டது.

அந்த இரண்டு நாளில் யார் யாரெல்லாம் ஒருவரோடொருவர் பேச வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்போம். ரயில் நிலைய அதிகாரி, ரயில்வே கட்டுப்பாட்டு அறை, மாவட்ட ஆட்சியர் அலுவலகம், காவல்துறை, தீயணைப்பு மீட்புப் பணிகள் துறை, தேசியப் பேரிடர் மீட்புப் படை, ராணுவம், விமானப்படை, ஊர்ப் பெரியவர்கள் என்று பட்டியல் நீள்கிறது. மாவட்டத்தின் பல பகுதிகளில் மின்சாரமும் செல்பேசிச் சேவையும் துண்டிக்கப்பட்டிருந்தன. சீருடை அணிந்த ஒவ்வொரு துறையிடமும் சொந்த வயர்லெஸ் உண்டு. ஆனால் ஒரு துறையின் வயர்லெஸ்ஸில் பேசுவது அடுத்த துறையின் வயர்லெஸ்ஸில் பெரும்பாலும் கேட்காது. இந்த இடைவெளியை நிரப்புவது எப்படி, அதற்கு யார் யார் என்ன விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் இங்கே நாம் சேர்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்.

மழைக்காலத்தில் ஒரு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். மேசையின் ஒரு மூலையில் காவல்துறையின் ‘மைக்’. அதற்குப் பக்கத்தில் தீயணைப்புத் துறையின் செட். அந்தப் பக்கம் வனத்துறையின் வாக்கி டாக்கி. நடுவில் ஓயாமல் ஒலிக்கும் 1077 என்ற பேரிடர் உதவித் தொலைபேசி. கரையோர கிராமத்தில் ஒரு வீட்டு மாடியில் முதியவர்கள் தவிக்கிறார்கள் என்று காவலர் ஒருவர் மைக்கில் சொல்கிறார். அதை ஓர் ஊழியர் காதில் வாங்கி, தாளில் எழுதி, எதிர் மேசைக்காரரிடம் நீட்டுகிறார். அவர் அதைப் படித்துத் தீயணைப்பு வண்டிக்குச் சொல்கிறார். இத்தனை கை மாறும்போது தெருப் பெயர் ஓர் எழுத்து பிசகினாலும் படகு வேறு தெருவுக்குப் போய்விடும். இந்த ஊழியர்கள் இரவெல்லாம் கண்விழித்து வேலை பார்க்கிறவர்கள். குறை அவர்களிடம் இல்லை. ஒன்றோடொன்று பேசாத அந்தக் கருவிகளிடம் இருக்கிறது.

கருவிகள் ஏன் பேசிக்கொள்வதில்லை? காரணங்கள் எளிமையானவை. ஒரு துறைக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசை வேறு, இன்னொரு துறைக்கு ஒதுக்கப்பட்டது வேறு. ஒருவர் பழைய அனலாக் முறையில் பேசுவார், இன்னொருவர் டிஜிட்டலுக்கு மாறியிருப்பார். டிஜிட்டலிலும் டெட்ரா, பி-25, டிஎம்ஆர் என்று பல முறைகள்; ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்கு வெறும் இரைச்சல். இவற்றுக்கு மேல் ரகசியக் குறியீடு. அதைத் திறக்கும் சாவி இல்லாதவருக்கு எதுவும் புரியாது. புரியக் கூடாது என்பதற்காகவே அது இருக்கிறது. ஒவ்வொரு துறையும் தன் தேவைக்கு, தன் நிதியில், தான் வாங்க வேண்டிய ஆண்டில் வாங்கியது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சரியான முடிவுகள்தாம். சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஓட்டை தெரிகிறது.

இந்த ஓட்டைக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் தாக்குதலுக்கு உள்ளான உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரம் காலை 9:59-க்குச் சரிந்தது. வடக்குக் கோபுரமும் நிற்காது என்று காவல்துறை ஹெலிகாப்டர்களில் இருந்தவர்கள் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை காவல்துறை வானொலியில் ஒலித்தது. கோபுரத்துக்குள் ஏறிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்களின் வானொலிக்கு அது வரவில்லை. வெளியேறும்படி அவர்களுடைய தலைமை தனியாக உத்தரவிட்டது. ஆனால் உயரமான கட்டடத்தில் அலை வலுவிழந்ததாலும், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதாலும் பலருக்கு அது எட்டவில்லை. கேட்ட சிலரும், தவித்தவர்களை விட்டுவிட்டு இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்றார்கள். 10:28-க்கு வடக்குக் கோபுரமும் விழுந்தது. அன்று உயிர்நீத்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர்.

அந்தச் சம்பவத்தை விசாரித்த ஆணையத்தின் அறிக்கையில் ஒரு சிறு விவரம் உண்டு. அந்தக் கட்டடத்தில் வானொலி அலையை வலுப்படுத்தும் ரிப்பீட்டர் ஒன்று ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தது. அதைத் தரைத்தளத்துக் கருவியிலிருந்து பயன்படுத்த இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டும். ஒன்று அழுத்தப்பட்டது, இரண்டாவது அழுத்தப்படவில்லை. சோதித்துப் பார்த்த அதிகாரிக்கு எதிர்ப்பக்கக் குரல் கேட்காததால், ரிப்பீட்டர் வேலை செய்யவில்லை என்று வடக்குக் கோபுரத்தில் அதைக் கைவிட்டார்கள். தெற்குக் கோபுரத்தில் ஏறிய வீரர்களோ அதே ரிப்பீட்டர் வழியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கருவி இருந்தது, மின்சாரம் இருந்தது, துணிச்சல் வேண்டிய மட்டும் இருந்தது. அந்த நெருக்கடியிலும் விரல் தானாகத் தேடிப் போகிற அளவுக்குப் பழக்கம் மட்டும் இல்லை.

நியூயார்க்கின் பாடம் இப்படி என்றால் மான்செஸ்டரின் பாடம் வேறு. 2017 மே மாதம் அந்த நகரின் அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். பிரிட்டனில் காவல்துறை, ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஆகிய மூன்றும் ஒரே டிஜிட்டல் வானொலி வலையமைப்பைப் பயன்படுத்துகின்றன. மூன்றும் சேர்ந்து பேசுவதற்கு வழியும் இருந்தது. ஆனால் அன்றிரவு அந்த வழி உரியபடி பயன்படவில்லை. தீயணைப்பு வீரர்கள் அரங்கை அடைந்தபோது குண்டு வெடித்து இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகிவிட்டது. ஒரு நகரத்தில் கருவிகள் வேறு வேறாக இருந்தன, இன்னொன்றில் ஒன்றாகவே இருந்தன. இரண்டிலும் பேச்சு தடைப்பட்டது. ஆகவே, ‘நல்ல கருவி வாங்கிவிட்டால் போதும்’ என்ற வாதமும் ‘கருவியில் என்ன இருக்கிறது, மனம்தான் முக்கியம்’ என்ற வாதமும் பாதி உண்மைகளே. அமெரிக்காவில் இதற்கென வகுத்த வழிகாட்டுதல், ஐந்து அம்சங்களைச் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது: நிர்வாக ஏற்பாடு, செயல்முறை விதி, தொழில்நுட்பம், பயிற்சி, அன்றாடப் பயன்பாடு. ஐந்தில் ஒன்றுதான் கருவி.

அந்த ஒன்றையும் சற்று நெருங்கிப் பார்ப்போம். வேறு வேறு வானொலிகளை இணைக்கும் பெட்டிகள் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன. காவல்துறையின் செட் ஒன்று, தீயணைப்புத் துறையின் செட் ஒன்று, ராணுவத்தின் செட் ஒன்று, ஒரு தொலைபேசி என்று எல்லாவற்றையும் கம்பி வழியாக அந்தப் பெட்டியில் செருகுவார்கள். ஒரு செட்டில் வந்து விழும் குரலை வாங்கி, மற்ற செட்டுகள் வழியாக அது திரும்ப ஒலிபரப்பும். யாரும் தன் வாக்கி டாக்கியை மாற்ற வேண்டியதில்லை. ஒரு ஜீப்பில் வைத்து எடுத்துச் செல்லலாம். மீட்புப் படைகளும் ராணுவக் குழுக்களும் சேர்ந்து இறங்கும் இடங்களில் இது பெரிய வசதி.

இதன் எல்லைகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இணைக்கப்படும் ஒவ்வொரு துறையின் அலையும் அந்த இடத்தில் எட்டினால்தான் பெட்டிக்கு வேலை. இணைத்த பிறகு எல்லாத் துறைகளின் பேச்சும் ஒரே வாய்க்காலில் ஓடும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ரகசியக் குறியீட்டோடு வந்த குரல், பெட்டிக்குள் புகுந்து அடுத்த பக்கம் வெளியேறும்போது சாதாரணக் குரலாகிவிடும். இயக்கத் தெரிந்த ஆள் அருகில் இல்லையென்றால், நியூயார்க்கின் இரண்டாவது பொத்தான் கதைதான் இங்கேயும் நடக்கும்.

இனி ஒவ்வொரு தரப்பின் நியாயத்தையும் கேட்போம். ராணுவமும் காவல்துறையும் தங்கள் அலைவரிசையைத் திறந்துவிடத் தயங்குவதற்கு வலுவான காரணம் உண்டு. 2008 நவம்பரில் மும்பையில் தாக்குதல் நடத்தியவர்களை ஏவியவர்கள், தொலைக்காட்சி நேரலையைப் பார்த்தபடி தொலைபேசியில் கட்டளையிட்டதை நாடு அறியும். பாதுகாப்புப் படையின் நடமாட்டம் வெளியே கசிந்தால் உயிர்கள் போகும். ‘பேரிடருக்காகத் திறந்தோம், பிறகு மூட மறந்தோம்’ என்ற நிலை வந்துவிடக் கூடாது என்ற அவர்களுடைய எச்சரிக்கையைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

மீட்புப் பணியாளர்களின் நியாயம் இன்னொரு பக்கம். வெள்ளத்துக்கு ஒட்டுக்கேட்கத் தெரியாது. எந்த மாடியில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எந்தப் பாலம் உடைந்தது, எந்தப் பள்ளி மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கலாம் என்பவை எதிரியிடமிருந்து மறைக்க வேண்டிய தகவல்கள் அல்ல. முடிந்தவரை அதிகக் காதுகளில் அவை விழ வேண்டும்.

செல்பேசியே போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். படம் அனுப்பலாம், வரைபடம் காட்டலாம், எல்லோர் கையிலும் இருக்கிறது என்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் கோபுரத்துக்கு மின்சாரம் நின்று, மாற்று மின்கலமும் தீர்ந்துவிட்டால் செல்பேசியால் பேச முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மக்கள் அதை நேரில் பார்த்தார்கள். நடுவில் கோபுரமே இல்லாமலும் இரண்டு வாக்கி டாக்கிகள் குறுகிய தூரத்துக்கு நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். அதுதான் அவற்றின் பலம். ஆகவே, செல்பேசி இருக்கட்டும், அது ஓய்ந்தபின் கைகொடுக்க வானொலியும் இருக்கட்டும். செலவைப் பற்றிய கவலையும் நியாயமானதே. வடிகாலுக்கும் மருத்துவமனைக்கும் பணம் போதாத ஊரில், ஆண்டில் சில நாள் மட்டும் தேவைப்படும் ஒன்றுக்குக் கோடிகளைக் கொட்ட முடியாது. ஆகவே முதலில் செலவு குறைந்த வழிகளைத் தேட வேண்டும்.

இத்தனை நியாயங்களுக்கும் இடையே ஒரு நடுவழி இருக்கிறது. அதை நம் மீனவர்கள் பல காலமாக அறிவார்கள். கடலில் ‘சேனல் 16’ என்று ஒன்று உண்டு, 156.8 மெகாஹெர்ட்ஸ். விசைப்படகு, சரக்குக் கப்பல், கடலோரக் காவல்படை, போர்க்கப்பல் என்று எல்லோருக்கும் அது பொது. ஆபத்தென்றால் அதில் கூப்பிட வேண்டும், மற்ற நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கூப்பிட்டவுடன் ஆள் கிடைத்தால், மேற்கொண்டு பேசுவதற்கு வேறு அலைவரிசைக்கு நகர்ந்துவிட வேண்டும். போர்க்கப்பல் தன் ரகசிய அலைவரிசையை இதற்காக யாருக்கும் திறந்துவிடுவதில்லை. ஆனாலும் சேனல் 16-ல் காது வைக்கிறது.

நம் பழைய வீடுகளின் திண்ணையும் இப்படித்தான் இருந்தது. வழிப்போக்கர் உட்காரலாம், தண்ணீர் கேட்கலாம், ஊர்ச் செய்தி சொல்லலாம். அதனால் உள்ளறைக் கதவு திறந்துவிடப்பட்டதாக யாரும் நினைக்கவில்லை. ஒவ்வொரு படைக்கும் துறைக்கும் உள்ளறை இருக்கட்டும், அதற்குப் பூட்டும் இருக்கட்டும். வாசலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு திண்ணை வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

திண்ணை கட்டுவது இரண்டு அரசுகளும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அலைவரிசையை ஒதுக்கும் அதிகாரம் மத்திய தொலைத்தொடர்புத் துறையிடம் இருக்கிறது. களத்தில் இறங்குவது மாநில அரசும் மாவட்ட நிர்வாகமும். முயற்சிகள் இல்லாமலில்லை. மாநிலக் காவல்துறைகளின் வயர்லெஸ் தொடர்பை ஒருங்கிணைக்க மத்திய உள்துறையின் கீழ் 1946 முதலே ஓர் இயக்ககம் இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2012-ல் பேரிடர்த் தகவல்தொடர்புக்கு வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், மீட்புப் பணிகளுக்கென நாடு தழுவிய அகன்ற அலைவரிசை வலையமைப்பு வேண்டும் என்று 2018-ல் பரிந்துரைத்தது. அத்தகைய பெரிய வலையமைப்பு வரும்போது வரட்டும். அதுவரை மாவட்ட அளவில் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

முதலாவது, மாவட்டத்துக்கு ஒரு பொது அலைவரிசையை உரிய அனுமதியோடு பெற்று, எல்லாத் துறைகளின் வாக்கி டாக்கியிலும் ஒரே பெயரில், ஒரே இடத்தில் பதிந்து வைப்பது. செட்டுகள் அதற்கு இடம் கொடாத துறைகளுக்கும், வெளியூரிலிருந்து வரும் ராணுவ, மீட்புப் படைக் குழுக்களுக்கும் கொடுக்க, ஒரு பெட்டி நிறைய வாக்கி டாக்கிகளை மின்னேற்றி ஆட்சியர் அலுவலகத்தில் தயாராக வைத்திருக்கலாம். ராணுவம் தன் சாவியை யாருக்கும் தர வேண்டியதில்லை. அதன் தொடர்பு அலுவலர் ஒருவர் பொது செட் ஒன்றைக் கையில் வைத்திருந்தால் போதும். இணைப்புப் பெட்டிகளைப் புயல் அடிக்கடி தாக்கும் கடலோர மாவட்டங்களிலிருந்து தொடங்கலாம்.

இரண்டாவது, பேசும் மொழி. அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியனில் பல மாநிலத்தவர்கள் பணியாற்றுகிறார்கள். அலைவரிசை ஒன்றாகிவிட்டாலும், தமிழ் மட்டும் தெரிந்த படகோட்டியும் இந்தி மட்டும் தெரிந்த வீரரும் அதில் என்ன பேசுவார்கள்? இரு மொழியும் தெரிந்த ஒருவர் பொது அலைவரிசையில் எப்போதும் இருக்க வேண்டும். துறைக்குத் துறை வேறுபடும் குழூஉக்குறிகளை அதில் தவிர்க்க வேண்டும். பல துறைகள் சேரும் சம்பவங்களில் எண் குறியீடுகளை விட்டுவிட்டு வெளிப்படையான சொற்களில் பேச வேண்டும் என்ற விதியை அமெரிக்காவும் 2006-ல் கொண்டுவந்தது. ‘பெரிய கோயில் பின்தெரு, மூன்று பேர், ஒருவரால் நடக்க முடியாது’ என்பதை எவரும் புரிந்துகொள்வார்கள்.

மூன்றாவது, பழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை கொடியசைத்துத் தொடங்கும் ஒத்திகையில் விரல்கள் பழகுவதில்லை. அதற்கு நம்மிடம் நல்ல களம் இருக்கிறது. திருவண்ணாமலை தீபத்துக்கும் மதுரை சித்திரைத் திருவிழாவுக்கும் காவல், தீயணைப்பு, மருத்துவம், நகராட்சி எல்லாம் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் கூடுகின்றன. காணாமல்போன குழந்தையைத் தேடுவதற்கும் மயங்கி விழுந்தவருக்கு ஆம்புலன்ஸ் அழைப்பதற்கும் பொது அலைவரிசையைப் பயன்படுத்திப் பழகலாம். திருவிழாவில் பழகிய கை வெள்ளத்தில் தடுமாறாது. எந்தத் தகவல் பொதுவில் வரலாம், எது வரக் கூடாது, யார் நெறிப்படுத்துவது என்பதையும் அங்கேயே பேசி முடிவு செய்துகொள்ளலாம். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர்தான் என்பதால், அந்தப் பேச்சைக் கூட்டும் பொறுப்பும் இயல்பாக அவருடையது.

நான்காவதாக, அரசுக்கு வெளியே இருக்கும் துணைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையிலான அமெச்சூர் வானொலிக் குழு தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தது. மற்றத் தொடர்புகள் அறுந்த நிலையில், தீவிலிருந்து செய்திகளை வெளியே கொண்டுசேர்த்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். 2015-ல் சென்னை வீதிகளில் படகுகளோடு வந்து இறங்கிய மீனவர்களை நாம் மறக்கவில்லை. குமரி மாவட்ட மீனவர்கள் 2017 ஒக்கிப் புயலில் பட்ட துயரத்தையும் மறக்கக் கூடாது. தூத்தூர், வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அவர்களுடைய சாதாரண வயர்லெஸ் செட்டுக்கு அவ்வளவு தூரம் எட்டும் வலு இல்லை. அதன் பிறகு செயற்கைக்கோள் வழிக் கருவிகள் படகுகளுக்குக் கூடுதலாக வரத் தொடங்கின. பிறரைக் காக்கப் படகோடு வருகிறவர்களின் செட்டும் நம் பொதுத் தொடர்பில் சேர்ந்திருக்க வேண்டும்.

இதில் குடிமக்களான நமக்கும் பங்குண்டு. பேரிடர் நேரத்தில் நீண்ட அழைப்புகளைத் தவிர்த்துக் குறுஞ்செய்தியில் நலம் விசாரித்தால், ஆபத்தில் இருப்பவருக்கு இணைப்பு கிடைக்கும். உறுதி செய்யாத செய்தியைப் பகிராமல் இருந்தால், படகு வீண் பயணம் போகாது. உரிமம் இல்லாத வாக்கி டாக்கிகளை இணையத்தில் வாங்கிப் பயன்படுத்துவது மீட்புப் பணியாளர்களின் அலைவரிசையில் குறுக்கிடக்கூடும். சட்டப்படியும் அது தவறு. மாநிலத்துக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, கடலில் கடலோரக் காவல்படைக்கு 1554 என்ற எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம். ஒத்திகை நடக்கும் நாளில் போக்குவரத்து அரை மணி நேரம் நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். கிராம சபையிலும் குடியிருப்போர் சங்கத்திலும், ‘நம் ஊருக்கு வரும் மீட்புக் குழுக்கள் ஒன்றோடொன்று பேச முடியுமா?’ என்று குறைசொல்லும் தொனி இல்லாமல், அக்கறையோடு கேட்கலாம்.

1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது, அருகிலிருந்த கலிஃபோர்னியன் கப்பலிலும் வானொலி இருந்தது. அதை இயக்குபவர் அன்றைய வேலை முடிந்து அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தார். அவர் எந்த விதியையும் மீறவில்லை. இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற விதியே அப்போது இல்லை. இரண்டு ஆண்டுகளில் நாடுகள் கூடி அந்த விதியைச் செய்தன. நம்மிடமும் கருவிகள் இருக்கின்றன, நல்ல மனம் கொண்ட மனிதர்கள் இருக்கிறார்கள். விதியும் பழக்கமும்தான் இனி வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் வருகிறது. அதற்கு முன், ஒவ்வொரு மாவட்டத்திலும் எல்லாத் துறைகளும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தங்கள் வயர்லெஸ்ஸை எடுத்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிறதா என்று ஒருமுறை பேசிப் பார்க்கட்டும். கேட்கவில்லையென்றால், அதைச் சரிசெய்ய மழை வரும்வரை நமக்கு நாட்கள் இருக்கின்றன.